மரத்தின் கணக்கும் பணத்தின் கணக்கும்

விருத்தாசலம் வட்டாரத்தில், வெள்ளாற்றங்கரை ஊரான கருவேப்பிலங்குறிச்சியிலும் அதனைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் மரக்கன்று நடுவிழா இன்று ஆண்டுதோறும் நடைபெறும் சடங்குகளுள் ஒன்றாகிவிட்டது. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் கடலூர் மாவட்டத்தின் முந்திரித் தோப்புகளை வேரோடு சாய்த்துவிட்டுப் போன பிறகு, மரம் என்பது அலங்காரப் பொருளன்று என்பதை இப்பகுதி மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் காடு மற்றும் மரப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தும் நோக்குடன் 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தை அரசு தொடங்கியது. தனியார் நிறுவனங்களும் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியைக் கன்றுகளின் பக்கம் திருப்புகின்றன. வெள்ளிக்கிழமை வசூலில் ஒரு பகுதியை மரம் வளர்ப்புக்கென ஒதுக்கலாமா என்று ஜமாஅத் நிர்வாகிகள் கலந்தாலோசிக்கும் காலமும் வந்துவிட்டது. இது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. வனத்தைக் காக்கிறோம் என்று சொல்லி நிதி திரட்டும் அமைப்பு, தான் பெற்ற அமானிதத்திற்கு எவ்வகையில் கணக்குக் காட்ட வேண்டும்? காட்டும் கணக்கை நாம் எவ்வாறு படிக்க வேண்டும்?

இவ்வினா மற்ற அறப்பணிகளுக்கும் பொருந்தும் என்று கூறி இதனைக் கடந்துவிட இயலாது. பசித்தவனுக்கு உணவளித்தால் அவனே சாட்சி. கல்வி உதவி பெற்ற மாணவன் தேர்ச்சிச் சான்றிதழைக் கொண்டுவந்து காட்டுவான். காட்டுக்கு வாயில்லை. அது கொடையாளர் வாழும் ஊரிலிருந்து நூற்றுக்கணக்கான கல் தொலைவில் இருக்கக்கூடும்; பலன் தெரிய இருபது ஆண்டுகள் ஆகும்; அதற்குள் கொடுத்தவரும் பெற்றவரும் மறைந்திருக்கலாம். பயனாளி வந்து முறையிட முடியாத ஓர் அறத்தில், கணக்கு ஒன்றே அந்தப் பயனாளியின் நாவாக நிற்க வேண்டியிருக்கிறது.

முதலில் சட்டம் எதனைக் கேட்கிறது என்று பார்ப்போம். நம் நாட்டில் இத்தகைய அமைப்பு பெரும்பாலும் மூன்று வடிவங்களுள் ஒன்றை மேற்கொள்ளும். பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஆவணம் பதிந்து பொது அறக்கட்டளையாக அமையலாம். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் சங்கமாகலாம். அல்லது 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி இலாப நோக்கற்ற கம்பெனியாகலாம். மூன்றும் வெளியார் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினும் கணக்கின் வெளிப்படைத்தன்மையில் ஏறுமாறானவை. கம்பெனியாக இருப்பின் அதன் ஆண்டுக் கணக்கை உரிய கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம். அறக்கட்டளையின் நிலை அதுவன்று. மகாராஷ்டிரத்தில் 1950-ஆம் ஆண்டின் சட்டப்படி அறக்கட்டளைகளை மேற்பார்வையிட அறநிலைய ஆணையர் ஒருவர் உண்டு. தமிழ்நாட்டில் இந்துக் கோயில்களின் சொத்துகளுக்கு இந்து சமய அறநிலையத் துறையும், நம்முடைய வக்ஃபுகளுக்கு வக்ஃபு வாரியமும் இருக்கின்றன. மரம் வளர்க்கும் சாதாரணப் பொது அறக்கட்டளைக்கென்று அத்தகைய தனி ஆணையர் எவருமிலர். முத்தவல்லியிடம் கணக்குக் கேட்க ஒரு வாரியம் இருக்கையில், பல கோடி திரட்டும் பசுமை அறக்கட்டளையிடம் ஆண்டுதோறும் தவறாது கேள்வி கேட்பது ஏறக்குறைய வருமான வரித்துறை ஒன்றுதான் என்பது பலரும் எண்ணிப்பாராத முரண்.

வருமான வரித்துறை கேட்பது என்ன? வரிவிலக்குப் பெறும் அமைப்பு தன் வருமானத்தில் 85 விழுக்காட்டையேனும் தன் நோக்கங்களுக்குச் செலவிட்டிருக்க வேண்டும். எஞ்சியதைச் சேர்த்து வைக்கலாம். அதற்கு மேலும் சேமிக்க விரும்பினால் இன்ன நோக்கத்திற்கு, இத்தனை ஆண்டுகளுக்கு என்று முன்னரே தெரிவிக்க வேண்டும். அதுவும் ஐந்தாண்டுகளுக்கு மேற்படாமல். வருமானம் குறிப்பிட்ட வரம்பைக் கடந்தால் பட்டயக் கணக்கரின் தணிக்கை கட்டாயம். வெளிநாட்டு நன்கொடை பெறுவோருக்கு 2010-ஆம் ஆண்டுச் சட்டமும், அதனை இறுக்கிய 2020-ஆம் ஆண்டுத் திருத்தமும் உள்ளன. அத்திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது. பெற்ற வெளிநாட்டு நிதியை வேறோர் அமைப்புக்குக் கைமாற்றுவதைத் தடுத்தது. அந்நிதி முதலில் புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளை ஒன்றில்தான் வந்து சேர வேண்டும் என்றும் விதித்தது.

இவை யாவும் பணத்தைப் பற்றிய கேள்விகள். கன்று வாங்கியதற்கு ரசீது இருக்கிறதா, கூலி கொடுத்ததற்குக் கையொப்பம் இருக்கிறதா, வங்கி இருப்பும் பேரேடும் ஒத்துப்போகின்றனவா என்று தணிக்கையாளர் பார்ப்பார். நட்ட கன்று உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலையன்று. ஆயிரம் கன்றுகளை வாங்கி நட்டு, அவை அனைத்தும் கோடையில் கருகிப்போனாலும் அந்த ஆண்டின் கணக்கு மாசற்றதாகவே இருக்கும். செலவு நேர்மையானது, ரசீது உண்மையானது, மரம் மட்டும் இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது; அது பங்குனி மாதம். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் நம் பகுதியில் கன்று நடத் தகுந்த காலம் புரட்டாசி, ஐப்பசி. கணக்கேட்டின் ஆண்டும் காட்டின் ஆண்டும் ஒன்றுக்கொன்று புறமுதுகு காட்டி நிற்கின்றன. ஆண்டு முடிவதற்குள் 85 விழுக்காட்டைச் செலவிட்டாக வேண்டும் என்ற நெருக்கடியில் பங்குனியில் நடப்படும் கன்று, வேர் பிடிப்பதற்கு முன்பே அக்னி நட்சத்திரத்தைச் சந்திக்கிறது.

கூடலூரில் தொடங்கிய வழக்கு

பணம் குவிந்தும் மரம் வராத நிலைக்குத் தக்க சான்று தனியார் அறக்கட்டளைகளைவிட அரசின் நிதியொன்றில் தெளிவாகக் கிடைக்கிறது. காரணம், அங்கே தணிக்கையாளர் ரசீதோடு நில்லாமல் நிலத்தையும் எண்ணினார். அந்நிதியின் வேர் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. நீலகிரி மாவட்டத்தின் கூடலூர்ப் பகுதியில் காடுகள் வெட்டப்படுவதை எதிர்த்து, நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்சநீதிமன்றத்தை நாடினார். ஒரு வட்டாரத்தின் மரவெட்டைப் பற்றிய அவ்வழக்கு, 1996 டிசம்பர் 12 அன்று பிறந்த ஆணையினால் இந்தியக் காடுகள் அனைத்தையும் பற்றிய வழக்காக விரிந்தது. சுரங்கத்திற்கோ அணைக்கோ சாலைக்கோ காட்டு நிலத்தை எடுப்பவர், ஈடாக வேறு நிலத்தில் காடு வளர்ப்பதற்கான பணத்தைச் செலுத்த வேண்டும். அழியும் காடு தந்துவந்த பயன்களின் நிகர மதிப்பையும் சேர்த்துச் செலுத்த வேண்டும் என்ற ஏற்பாடு இவ்வழக்கில் 2002-இல் உருப்பெற்றது. 2008-இல் அம்மதிப்பு, காட்டின் தரத்திற்கேற்ப ஹெக்டேருக்கு ரூ. 4.38 லட்சம் முதல் ரூ. 10.43 லட்சம் வரை என நிர்ணயிக்கப்பட்டது. பணத்தை வைத்திருக்க முறையான ஆணையம் அமையாததால் 2006-இல் ‘கேம்ப்பா’ எனப்படும் தற்காலிக அமைப்பு ஒன்று அப்பொறுப்பை ஏற்றது.

தற்காலிகம் என்ற சொல் பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்தது. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2013-இல் வெளியிட்ட அறிக்கை கூறும் செய்திகளை நாம் நிதானமாகப் படிக்க வேண்டும். 2005-06-இல் ஏறத்தாழ ரூ. 1,200 கோடியாக இருந்த நிதி 2011-12-இல் ரூ. 23,607 கோடியாக வளர்ந்திருந்தது. பணத்தைப் பொறுத்தவரை இதனினும் சிறந்த வளர்ச்சி வேண்டுமோ? ஆனால் 2006 முதல் 2012 வரை காட்டுக்கு ஈடாகப் பெற்றிருக்க வேண்டிய நிலம் 1,03,381 ஹெக்டேர். பெற்றது 28,086 ஹெக்டேர், அதாவது 27 விழுக்காடு. பெற்ற அந்த நிலத்திலும் மரம் நடப்பட்டது 7,280 ஹெக்டேரில் மட்டுமே. பெற்றிருக்க வேண்டிய பரப்போடு ஒப்பிட்டால் இது 7 விழுக்காடு. வங்கி வைப்புத்தொகை வட்டியோடு தழைத்தது; அதன் பெயரில் தழைத்திருக்க வேண்டிய காடு தாள்களில் நின்றது.

பின்னர் 2016-இல் நாடாளுமன்றம் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. 90 விழுக்காடு மாநிலங்களுக்கு, 10 விழுக்காடு மத்திய அரசுக்கு என்று பங்கீடு வகுக்கப்பட்டு, 2019 ஆகஸ்டில் ரூ. 47,436 கோடி மாநிலங்களுக்கு மாற்றப்பட்டது. சட்டம் வந்ததால் நோய் தீர்ந்துவிட்டதா என்பதற்கு உத்தராகண்ட் மாநிலம் குறித்து 2025 பிப்ரவரியில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை விடை தருகிறது. 2019 முதல் 2022 வரையிலான காலத்தில் ரூ. 13.86 கோடி வேறு வழிகளில் செலவிடப்பட்டதாக அவ்வறிக்கை கூறியது. அச்செலவுகளில் ஐபோன், மடிக்கணினி, குளிர்பதனப் பெட்டி, கட்டடச் சீரமைப்பு ஆகியனவும் அடங்கும். செய்தித்தாள்கள் ஐபோனைத் தலைப்பாக்கின. நம் பார்வையில் அதனினும் கனமானது அதே அறிக்கையின் வேறொரு வரி: 2017 முதல் 2022 வரை நடப்பட்ட கன்றுகளுள் பிழைத்தவை 33.51 விழுக்காடு, பிழைத்திருக்க வேண்டியவை 60 முதல் 65 விழுக்காடு. ஐபோனின் விலையைத் திரும்பப் பெற்றுவிடலாம். முறையான ரசீதுகளோடு நடப்பட்டுச் செத்துப்போன கன்றுகளுக்குச் செலவான தொகையை எவரிடம் கேட்பது?

அறங்காவலர்களே வாங்குவோராக

தனியார் அறநிறுவனத்தின் கதைக்கு அமெரிக்காவைப் பார்ப்போம். 1951-இல் தோன்றிய ‘நேச்சர் கன்சர்வன்சி’ உலகின் மிகப் பெரிய இயற்கைப் பாதுகாப்பு அறநிறுவனங்களுள் ஒன்று. நன்கொடைப் பணத்தால் காடுகளையும் புல்வெளிகளையும் விலைக்கு வாங்கிப் பாதுகாப்பது அதன் வழிமுறை. 2003 மே மாதத்தில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழ் அதன் நடைமுறைகளைத் தொடர் கட்டுரைகளாக வெளிக்கொணர்ந்தது. வாங்கிய நிலத்தில் கட்டுமானக் கட்டுப்பாடுகளை விதித்து, அதனால் குறைந்த விலைக்குத் தன் அறங்காவலர்களுக்கும் ஆதரவாளர்களுக்கும் அந்நிறுவனம் விற்றிருந்தது. வாங்கியவர்கள் விலை வேறுபாட்டை ஈடுசெய்யும் தொகையை நன்கொடையாகக் கொடுத்து அதற்கு வரிச்சலுகையும் பெற்றனர். நிறுவனத் தலைவருக்கு வீடு வாங்க 15.5 லட்சம் டாலர் கடன் வழங்கப்பட்டிருந்தது. அருகிவரும் புல்வெளிக் கோழியினம் ஒன்று வாழ்ந்த டெக்ஸாஸ் நிலத்தில் எரிவாயு எடுத்து வருமானமும் ஈட்டப்பட்டது. அடுத்த மாதமே உள்வட்டத்தாருக்கு நிலம் விற்பதையும் அத்தகைய கடன்களையும் நிறுத்துவதாக அதன் ஆட்சிக்குழு அறிவித்தது. செனட் சபையின் நிதிக்குழு ஈராண்டுகள் விசாரித்து 2005-இல் விரிவான அறிக்கை வெளியிட்டது. இவற்றுள் பல, சட்டத்தை மீறியவை என்பதைவிடச் சட்டத்தின் இடுக்குகளில் நடந்தவை என்பதே பொருந்தும். ஆண்டுதோறும் தணிக்கை நடைபெற்ற நிறுவனம்தான் அது.

இவ்விடத்தில் இஸ்லாமிய வரலாற்றின் ‘ஹிமா’ என்னும் ஏற்பாட்டை நினைவுகூர்வது பொருத்தம். மேய்ச்சல் நிலத்தைத் தனிமனித உரிமையிலிருந்து விலக்கிப் பொதுநலனுக்கெனக் காக்கும் முறை அது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஹுனை என்பவரை ஒரு ஹிமாவின் காவலராக நியமித்தபோது, சிறு மந்தை வைத்திருக்கும் ஏழைகளை உள்ளே அனுமதிக்கவும், பெருஞ்செல்வர்களான அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபு, உஸ்மான் இப்னு அஃப்பான் (ரலி) ஆகியோரின் மந்தைகளுக்குச் சலுகை காட்டாதிருக்கவும் அறிவுறுத்தியதாக ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். அவ்விருவரும் சமூகத்தின் மதிப்பிற்குரிய தலைவர்கள் என்பதே இச்செய்தியின் கனத்தைக் கூட்டுகிறது. பாதுகாக்கப்பட்ட நிலத்தின் பயன் நிர்வாகத்திற்கு அருகில் இருப்போருக்கு ஒழுகிப்போகும் என்ற அச்சம் ஹிஜ்ரி முதல் நூற்றாண்டிலேயே உணரப்பட்டிருந்தது.

ஆனால் நம்மவர் ஒரு முடிவுக்கு விரைந்துவிடுகின்றனர். நிர்வாகச் செலவே கூடாது, கொடுத்த ரூபாய் முழுவதும் கன்றுக்கே போக வேண்டும் என்பர் சிலர். அமைப்புகளும் அதற்கேற்ப, ஒரு கன்றுக்கு இவ்வளவு ரூபாய் என்று விலைச்சீட்டு ஒட்டி நன்கொடை கேட்கின்றன. இதில் தொக்கி நிற்கும் பிழையைச் சற்று விரித்துரைக்க வேண்டும். வன வளர்ப்பில் மிகவும் மலிவானது கன்றுதான். குழி வெட்டுவது, முள்வேலி அடைப்பது, ஆடு மாடுகளை விலக்குவது, முதல் இரண்டு கோடைகளில் தண்ணீர் ஊற்றுவது, இறந்த கன்றின் இடத்தில் வேறொன்றை நடுவது, தீ பரவாமல் காப்பது என அனைத்தும் மனித உழைப்பு, அதாவது கூலி. இருக்கின்ற காட்டைக் காக்கும் பணியிலோ கன்றுக்கே இடமில்லை. காவலரின் ஊதியமே அங்கு அறப்பணி. கணக்கேட்டில் அது ‘சம்பளம்’ என்ற தலைப்பின்கீழ் வருவதால் நிர்வாகச் செலவென்று தோன்றிவிடுகிறது. வெளிநாட்டு நன்கொடை விதிகள்கூட மருத்துவமனையின் மருத்துவர் சம்பளத்தையும் பள்ளியின் ஆசிரியர் சம்பளத்தையும் நிர்வாகச் செலவில் சேர்ப்பதில்லை. அந்த நியாயம் வனக்காவலருக்கும் பொருந்தும். முழுத் தொகையும் கன்றுக்கே என்று பெருமையுடன் விளம்பரம் செய்யும் அமைப்பிடம், தண்ணீர் ஊற்றுபவருக்கு யார் கூலி கொடுக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். விடை இல்லையெனில் மரமும் இருக்காது.

வக்ஃபுச் சட்டத்தைக் கற்றவர்களுக்கு இது புதிய கருத்தன்று. ஹனஃபி மத்ஹபின் ‘ஹிதாயா’ நூலாசிரியர் மர்கீனானி (மறைவு ஹிஜ்ரி 593) வகுக்கும் விதி யாதெனில், வக்ஃபின் வருமானத்திலிருந்து முதலில் செய்யப்பட வேண்டிய செலவு அந்தச் சொத்தின் பராமரிப்பே. வக்ஃபு செய்தவர் அதனை நிபந்தனையாகக் கூறியிருந்தாலும் சரி, கூறாவிட்டாலும் சரி. பயனாளிகளுக்குப் பங்கிடுவது அதன் பிறகுதான். கொடையாளரின் நோக்கம் அறம் நிலைத்திருப்பது. சொத்து அழிந்தால் நோக்கமும் அழியும் என்பது அதன் காரணம். கைபரில் பெற்ற நிலத்தை உமர் (ரலி) வக்ஃபு செய்தபோது, மூலத்தை விற்கவோ கொடையாக்கவோ வாரிசுரிமையாக்கவோ இயலாதபடி வைத்து, விளைச்சலை மட்டும் அறத்திற்கு விட்டார்கள். அதனை நிர்வகிப்பவர் நியாயமான அளவில் அதிலிருந்து உண்ணலாம், தமக்கெனச் செல்வம் திரட்டக் கூடாது என்றும் நிபந்தனை விதித்தார்கள். நிர்வாகிக்கு ஒன்றும் இல்லை என்று அவர்கள் கூறவில்லை, வரம்பு இட்டார்கள். ஊதியத்தை மறுப்பதும் எல்லையற்று விடுவதும் ஆகிய இரு கோடிகளுக்கும் இடையே அமைந்த அந்த வரம்பைத்தான் இன்றைய விதிகள் விழுக்காடுகளாக எழுத முயல்கின்றன.

பராமரிப்பைக் கணக்கின் நடுவில் வைத்து இயங்கும் பணிக்கு நம் மாநிலத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. கோவை மாவட்டத்தின் வால்பாறையில், தேயிலைத் தோட்டங்களுக்கிடையே துண்டுதுண்டாக எஞ்சி நிற்கும் மழைக்காடுகளை மீட்கும் பணியை, மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்னும் அறநிறுவனம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்து வருகிறது. அங்குள்ள காட்டு மரங்களின் விதைகளையே திரட்டி, நாற்றங்கால் அமைத்து, களைகளை அகற்றி நடுகின்றனர். நம் ஆய்வுக்கு உரியது அவர்களுடைய இன்னொரு பழக்கம். நட்ட நாற்றுகளை இனவாரியாக அடையாளமிட்டு, எவை பிழைத்தன, எவை மடிந்தன, எத்தகைய இடத்தில் எந்த இனம் தாக்குப்பிடித்தது என்று பின்தொடர்ந்து, அதன் முடிவுகளை 2009-இல் ஆய்வேட்டில் வெளியிட்டனர். மடிந்த நாற்றின் எண்ணிக்கையைத் தாமே அச்சிட்டு வெளியிடும் அமைப்பின் மற்ற எண்களை நம்புவது நமக்கு எளிதாகிறது. இலட்சக்கணக்கில் நட்டதாகக் கூறி, ஒன்றேனும் காய்ந்ததாகக் கூறாத அமைப்பின் எண்களைக் குறித்து அப்படிச் சொல்ல முடியவில்லை.

எனவே நன்கொடை கேட்டு வருவோரிடம் நம் ஜமாஅத்துகளும் கல்லூரிகளும் வணிகர்களும் தணிக்கை அறிக்கையின் படியைக் கேட்பதோடு நின்றுவிடலாகாது. நடப்பட்ட இடத்தின் சர்வே எண், நிலம் யாருடையது, பத்தாண்டுகளுக்குப் பின் அந்த மரத்தை வெட்டும் உரிமை எவருக்கு உண்டு என்பவற்றை எழுத்தில் பெற வேண்டும். கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை; காடு என்று சொல்லி நடப்பட்டது ஆறேழு ஆண்டுகளில் காகித ஆலைக்குப் போகும் தைலமரமாக இருக்கக்கூடும். அறங்காவலர்களுக்கோ அவர்தம் உறவினர்க்கோ நிலம் வாங்கியது, விற்றது, வாடகை கொடுத்தது ஏதேனும் உண்டா என்பது தணிக்கை அறிக்கையின் இணைப்புகளில் சிறிய எழுத்தில் இருக்கும். அதனைத் தேடிப் படிக்க வேண்டும். சேமிப்பாக வைத்துள்ள தொகை எந்த நோக்கத்திற்கு, எந்த ஆண்டு வரை என்றும் கேட்கலாம். காட்டுக்குச் சேமிப்பு தவறன்று, மூன்றாம் ஆண்டின் காவலர் கூலி முதலாம் ஆண்டிலேயே எடுத்து வைக்கப்பட வேண்டியதே. நோக்கமற்ற சேமிப்புதான் ஐயத்திற்குரியது.

கேட்டும் விடை கிடைக்காவிடில் வழியில்லை என்று எண்ண வேண்டாம். 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு, பொது அறக்கட்டளை ஒன்றில் அக்கறையுள்ள இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் நீதிமன்றத்தின் அனுமதி பெற்று, அறங்காவலர்களிடம் கணக்குக் கேட்டு வழக்குத் தொடர இடமளிக்கிறது. அறங்காவலரை நீக்கவும் புதியவரை நியமிக்கவும் நீதிமன்றத்தைக் கோரலாம். பள்ளிவாசல் சொத்துகள் குறித்தும் கோயில் சொத்துகள் குறித்தும் நம் மக்கள் இப்பிரிவை நன்கறிவர். மரங்களுக்காக அதனை நாடியவர் அரியர். வழக்குவரை செல்லாமலேயே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. ஐப்பசியில் நட்ட இடத்திற்கு மறு ஆண்டு வைகாசியில், கத்திரி வெயில் தணிந்ததும், கொடுத்தவர் தரப்பில் இருவரும் பெற்றவர் தரப்பில் ஒருவரும் சென்று வரிசை வரிசையாக எண்ணி, நட்டது இத்தனை, நிற்பது இத்தனை என்று ஒரே தாளில் எழுதி மூவரும் கையொப்பமிடுவது. அடுத்த தவணையை அந்தத் தாளைப் பார்த்த பிறகே கொடுப்பது என்று முதல் தவணை கொடுக்கும்போதே பேசிக்கொள்ள வேண்டும்.